தனியார் பள்ளிகளில் ஏ.இ.டி. கட்டாயமாக வேண்டும்: பெற்றோர்களும் தாளாளர்களும் கேட்கும் கேள்விகள்

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இருபத்து மூன்று வருடமாக இதே வேலை. விடுமுறை நாட்களில் கோபி, பவானி, பெருந்துறை, திருச்செங்கோடு என்று கூப்பிடுகிற ஊர்களுக்குப் போய், இதயம் நின்று விழுந்தவருக்கு முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். தனியார் பள்ளி ஒவ்வொன்றிலும் ஏ.இ.டி. கருவி இருந்தாக வேண்டும் என்று அரசு விதி போட வேண்டும், அதற்காகக் கையெழுத்தும் வாங்கி வருகிறோம். அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன்.

ஏ.இ.டி.ன்னா என்னங்க சார்?

டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே பேட்டரி, ஒரு ஸ்பீக்கர், வயரோடு இரண்டு ஒட்டும் பேட். விழுந்தவரின் நெஞ்சில் பேட்களை ஒட்டினால், இதயத்தின் மின்துடிப்பைக் கருவியே படித்துப் பார்க்கும். மின்னதிர்ச்சி கொடுத்தால் பலன் உண்டு என்று தெரிந்தால் மட்டும் "விலகி நில்லுங்கள், பட்டனை அழுத்துங்கள்" என்று சொல்லும். டாக்டர் வேண்டியதில்லை, நர்ஸ் வேண்டியதில்லை. அது சொல்வதைக் கேட்டுச் செய்ய ஒரு ஆள் போதும். இதய டிஃபிப்ரிலேட்டர் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதும் இந்த வேலையைச் செய்கிற கருவிதான். இது பொதுமக்கள் கைக்கு ஏற்றபடி தானாக முடிவெடுக்கும் வகை.

மாரடைப்பும் இதயம் நின்னு போறதும் ஒண்ணுதானுங்களே?

இல்லைங்க. மாரடைப்பு குழாய் அடைப்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு வலிக்கும், வேர்த்துக் கொட்டும், ஆனால் பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார், பேசுவார். கார்டியாக் அரெஸ்ட் என்பது கரண்ட் கோளாறு. இதயம் துடிப்பதை விட்டுவிட்டு புழுக்கூட்டம் நெளிவதுபோல நடுங்குகிறது. ரத்தம் எங்கேயும் போவதில்லை. சில நொடியில் நினைவு போய்விடும். மாரடைப்பு இதில் கொண்டுபோய் விடலாம், ஆனால் மாரடைப்பே இல்லாமலும் இது வரும். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் கொடுக்கிற மாத்திரைகள் மாரடைப்புக்கு உதவும். நினைவில்லாமல் கிடக்கிறவர் வாயில் எந்த மாத்திரையும் போடக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது.

ஓடியாடுற பசங்களுக்கு இதயம் எப்படிங்க நிக்கும்?

பெரும்பாலும் பிறவியிலேயே இருந்து, வெளியே தெரியாமல் போன குறைதான் காரணம். இதயத் தசை தடித்துப்போயிருப்பது ஒன்று. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்பியிருப்பது இன்னொன்று. நீள் கியூ.டி. போன்ற மின்துடிப்புக் கோளாறுகள் உண்டு. அவை சாதாரண நாளில் எந்தத் தொந்தரவும் தராது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசை வீங்கி, அது ஆறுவதற்குள் மைதானத்தில் இறங்கி விழுந்தவர்களும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் நம் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று 2009-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனாலும் 'நம்ம ஊர்ப் பசங்க உடம்பு அதெல்லாம் தாங்கும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

இதெல்லாம் இல்லாத, முழு ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஒரு வழியில் நேரலாம். கார்க் பந்து நெஞ்சில் நேராக வந்து அடிக்கிறது. துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அந்த அடி விழுந்தால் இதயம் தாளம் தப்பி நடுங்க ஆரம்பித்துவிடும். எலும்பு முறிந்திருக்காது, ரத்தம் வந்திருக்காது. பையன் இரண்டு எட்டு வைத்து விழுவான். நம் பள்ளிகளில் கிரிக்கெட் வலைப்பயிற்சி இல்லாத பள்ளி எது?

இது ரொம்ப அபூர்வம்தானே? அதுக்கு ஒரு விதியா?

அபூர்வம்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் எடுத்த கணக்கில் ஆண்டுக்கு சுமார் 50,000 பேரில் ஒருவர் இப்படி இறந்திருக்கிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்? ஐம்பது வயதைத் தாண்டிய வேன் டிரைவர், வாட்ச்மேன், சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஆசிரியர்கள், சமையல்காரம்மா. ஆண்டுவிழா அன்று சாயங்காலம் வெயில் தணிவதற்குள் வந்து நாற்காலி பிடிக்கிற தாத்தா பாட்டிகள் ஆயிரம் பேர். பள்ளியில் வைக்கிற கருவி இவர்கள் எல்லோருக்கும்தான்.

தீயணைப்பு சிலிண்டரும் அபூர்வமாகத்தான் பயன்படுகிறது. அது இல்லாமல் பள்ளி நடத்த விடுவோமா?

நீங்க ஏன் சார் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கீங்க?

இதற்கு பதில் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கேட்டவர்களிடம் மறைத்ததில்லை.

முன்பு நான் வேலை பார்த்த பள்ளி. ஸ்போர்ட்ஸ் டேவுக்கு ஒரு வாரம் முன்பு, காலை ஏழே முக்கால். பத்தாம் வகுப்புப் பையன்கள் 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்று முடிகிற வளைவில் ஒருவன் முகம் குப்புற விழுந்தான். கால் தடுக்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். போய்ப் புரட்டினேன். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. கையும் காலும் சில நொடி வெட்டி வெட்டி இழுத்தன. வாய் மட்டும் மீன் மாதிரி நின்று நின்று திறந்து மூடியது.

"வலிப்புங்க சார், இரும்பு குடுங்க" என்று யாரோ கத்தினார்கள். என் இடுப்பில் ஸ்போர்ட்ஸ் ரூம் சாவிக்கொத்து இருந்தது. அவன் விரல்களை விரித்து அதை உள்ளங்கையில் வைத்து, என் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் சோடா வாங்க ஓடினார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். பிறகு நான்கு பேர் தூக்கி வேனில் பின்சீட்டில் படுக்கவைத்தோம். ஆஸ்பத்திரி வாசலை அடைய இருபத்திரண்டு நிமிடம் ஆனது. வழி நெடுக அவன் தலை என் மடியில் இருந்தது. நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

டியூட்டி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டாமல், மெதுவாகத்தான் சொன்னார்: "அது வலிப்பு இல்லீங்க."

அப்ப வலிப்பா இதுவான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

விழுந்தவரைத் தோளில் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்குள் பாருங்கள். சீரான மூச்சு இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நின்று நின்று வரும் பெருமூச்சு, குறட்டை மாதிரி சத்தம், மீன் வாய் மாதிரி திறந்து மூடுவது, இவை மூச்சு அல்ல. இதயம் நின்ற பின் மூளை விடுகிற கடைசி இழுப்பு அது. மூளைக்கு ரத்தம் நின்ற அந்த முதல் நொடிகளில் கைகால் வெட்டுவதும் சகஜம். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன்.

ஓடிக்கொண்டிருந்தபோதோ, நெஞ்சில் பந்து பட்டோ திடீரென்று விழுந்தால் வேறு யோசனையே வேண்டாம். பெட்டியை எடுத்து வரச் சொல்லுங்கள். வலிப்பாகவே இருந்தாலும் ஏ.இ.டி. அதைத் தெரிந்துகொண்டு சும்மா இருந்துவிடும். இரும்பு எதற்குமே உதவாது, வலிப்புக்கும் கூட.

108 வந்துருமே சார். இல்லீன்னா வேன்ல போட்டு வெசையா கொண்டு போயிரலாமே?

நம் பக்கத்து மனிதர்களுக்கு உதவி என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான். அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தூக்கிக்கொண்டு ஓடுவதே உயிரை எடுத்துவிடும். இதயம் நின்ற ஒவ்வொரு நிமிடமும், யாரும் நெஞ்சை அழுத்தாமல் இருந்தால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடம் கழித்து எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினாலும் டாக்டர் கையில் மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம். ஓடுகிற வேனில், மெத்துமெத்தென்ற சீட்டில், நெஞ்சை ஒழுங்காக அழுத்தவும் முடியாது.

108 தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. கூப்பிடத்தான் வேண்டும், அதுவும் முதல் நிமிடத்திலேயே. ஆனால் கோவை அவிநாசி ரோட்டில் சாயங்காலம் நாலரை மணிக்கு எந்த வண்டியாலும் பறந்து வர முடியாது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. திம்பத்துக்கு 27. கொல்லிமலைக்கு 70. அந்த மலைகளில் இருக்கிற பள்ளிகளுக்கு பெட்டியும் பயிற்சி பெற்ற இரண்டு கையும்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை ஆஸ்பத்திரி.

ஆகவே வரிசை இது. ஒருவர் 108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட வேண்டும். ஒருவர் பெட்டிக்கு ஓட வேண்டும். ஒருவர் அதே இடத்தில் மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பிக்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சை முழுதாக மேலே எழவிட்டு. மூச்சுக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் இருந்தால் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. இல்லாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும், நிறுத்தாதீர்கள்.

சட்டத்துல இப்ப இதுக்கு இடம் இருக்குதுங்களா?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளி என்றால் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், விளையாட்டு மைதானம், நூலகம் எல்லாம் வேண்டும் என்கிறது. உயிர்காக்கும் கருவி எதையும் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் போனால் நான்கு சான்று கேட்பார்கள்: கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம். ஏ.இ.டி. அந்த நான்கில் இல்லை.

இந்தச் சான்றுகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அதன் பிறகுதான் கூரைக் கொட்டகையும் தீயணைப்புச் சான்றும் ஒவ்வொரு பள்ளியிலும் பேச்சானது. 2012-இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே சிறப்பு விதிகள் வந்தன. இப்போது மே மாதமானால் ஆர்.டி.ஓ. வந்து அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்கிறார், தீயணைப்பு சிலிண்டரைப் புரட்டிப் பார்க்கிறார். இந்த முறையாவது விதி முதலில் வரட்டும் என்றுதான் கையெழுத்துக்கு அலைகிறோம்.

தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018 இருக்கிறது, அதன் விதிகள் 2023-இல் வந்தன. புதுச் சட்டம் கேட்கவில்லை. அந்த விதிகளில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறோம்.

வெளிநாட்டுல எப்படிங்க?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க் 2002-இல் அரசுப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. நியூஜெர்சியின் 'ஜேனட் சட்டம்' எனக்குப் பிடித்தது. 2006-இல் பயிற்சி முடிந்த கையோடு விழுந்து இறந்த 11 வயதுச் சிறுமியின் பெயரில் வந்த சட்டம் அது. 2012-இல் நிறைவேறி, 2014 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்குமே பொருந்துகிறது. பெட்டி பூட்டாத இடத்தில், மைதானத்துக்கோ உடற்பயிற்சிக் கூடத்துக்கோ பக்கத்தில் இருக்க வேண்டும், ஆள் விழுந்தால் யார் என்ன செய்வது என்று எழுதிவைத்த திட்டம் இருக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 2023-இல் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு 20,000-க்கும் மேற்பட்ட கருவிகளை அரசே வாங்கிக் கொடுத்தது. தனியார் பள்ளிகள் அதில் வரவில்லை. ஜப்பானில் 2004 ஜூலையிலிருந்து பொதுமக்களே எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஏன் தனியார் பள்ளியை மட்டும் புடிக்கறீங்க? கவர்மெண்ட் ஸ்கூல் பசங்க பசங்க இல்லீங்களா?

நியாயமான கேள்வி. அரசுப் பள்ளிக்கும் வேண்டும். ஆனால் அங்கே கல்வித்துறை ஒரு அரசாணை போட்டு, பணம் ஒதுக்கி, வாங்கி அனுப்பிவிட முடியும். தனியார் பள்ளியில் முடிவெடுப்பவர் தாளாளர் ஒருவர். விதி இல்லாவிட்டால் நல்ல மனசு இருக்கிற பள்ளியில் பெட்டி இருக்கும், அடுத்த பள்ளியில் இருக்காது. எந்தப் பள்ளியில் சேர்ந்தோம் என்பதை வைத்து ஒரு பிள்ளையின் உயிர் இருக்கும்.

இன்னொன்று. மத்திய அரசின் பள்ளிச் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதில் மருத்துவக் குழு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குப் போகிறது. சுயநிதிப் பள்ளிக்கு வருவதில்லை. அதோடு நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டல் பள்ளிகள் எத்தனை! வெளியூர்ப் பிள்ளைகள் வருடத்தில் பத்து மாதம் அங்கேயே படுத்து எழுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் அவர்களுக்கு அந்தப் பள்ளிதான் வீடு.

சரிங்க, எங்க பள்ளியில ஏற்கனவே ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோமே?

எங்கே வைத்திருக்கிறீர்கள்? நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

ஒரு பள்ளியில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். தாளாளர் அறையில், கண்ணாடி ஷோகேஸில், கோப்பைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காமல் இருந்தது. ஷோகேஸுக்குப் பூட்டு. அறைக்குப் பூட்டு. சாவி மேனேஜரிடம். நான் மைதானத்தின் கடைசி மூலையில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அந்தப் பள்ளியின் பி.இ.டி. சார் நல்ல ஓட்டக்காரர். ஓடினார். நடுவில் கிரில் கேட் சாத்தியிருந்தது, சுற்றிக்கொண்டு போனார். மேனேஜர் சாப்பாட்டில் இருந்தார். மூச்சு வாங்க அவர் பெட்டியோடு திரும்பியபோது ஆறு நிமிடம் நாற்பது நொடி. தாளாளர் என் பக்கத்திலேயே நின்று ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் பெட்டி மைதானத்தை ஒட்டிய வராந்தாத் தூணில், பூட்டில்லாத அலமாரிக்கு வந்துவிட்டது. அதே பொம்மை, அதே ஆள்: ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

அதனால்தான் விதியில் 'ஒரு ஏ.இ.டி. இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது என்கிறேன். அப்படி எழுதினால் ஷோகேஸில் வாங்கி வைத்து சான்று வாங்கிவிடுவார்கள். நிமிடத்தை எழுத வேண்டும்: வளாகத்தின் எந்த மூலையில் ஆள் விழுந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் முதல் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி பெட்டி இருக்க வேண்டும். பூட்டக் கூடாது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி பில்லைக் கேட்பதோடு நிற்காமல் பொம்மையைப் போட்டு ஓடச் சொல்லிப் பார்க்க வேண்டும். வளாகம் பெரிதாக இருந்தால் ஒரு பெட்டி போதாது என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். ஹாஸ்டல் இருந்தால் ஹாஸ்டலுக்குத் தனி.

திருடிட்டுப் போயிட்டா?

அலமாரியைத் திறந்தால் அலறுகிற அலாரம் வைத்து விற்கிறார்கள். அதை வாங்குங்கள், பூட்டை வாங்காதீர்கள்.

விலை எவ்வளவுங்க ஆகும்?

ஒரு லட்சம் ரூபாய், மாடலைப் பொறுத்து முன்னே பின்னே. அதோடு சில வருடத்துக்கு ஒருமுறை பேட், பேட்டரி செலவு. ஒரு பள்ளி வேனின் டயர் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன் தாளாளர்களிடம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை, 2009-இல் தமிழ்நாடு தனியாகக் கொண்டுவந்த பள்ளிக் கட்டணச் சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழு பள்ளியின் செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் நிர்ணயிக்கிறது. இந்தச் செலவையும் கணக்கில் காட்டலாம். 'ஏ.இ.டி. ஃபீஸ்' என்று பெற்றோரிடம் தனி ரசீது போடுவது எனக்குச் சம்மதமில்லை. சின்னப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் இருக்கின்றன, திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. போய்க் கேளுங்கள். கேட்டு இல்லை என்று சொன்னவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கருவி வாங்கறது?

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் உரிமம் உள்ளதா என்று கேளுங்கள். தமிழில் பேசுகிறதா, இல்லாவிட்டால் உங்கள் ஆட்களுக்குப் புரியும் மொழியில் பேசுகிறதா என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேட் தீர்ந்தால் எத்தனை நாளில் கிடைக்கும், கோவையிலோ ஈரோட்டிலோ சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்பது முக்கியம். பெரும்பாலான கருவிகள் 50 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். கரூர் பரமத்தி வெயிலில் தகரக் கூரையின் கீழ் உள்ள இரும்பு பீரோவிலோ, சாத்திய வேனிலோ வைத்தால் அதைத் தாண்டிவிடும். நிழலான வராந்தா நல்லது.

எல்.கே.ஜி. குழந்தைக்கும் இதையே போடலாமுங்களா?

எட்டு வயதுக்குக் கீழ், அல்லது 25 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குழந்தை பேட், அல்லது கருவியிலேயே உள்ள குழந்தை ஸ்விட்ச். மின்சாரத்தின் அளவு குறையும். அது கையில் இல்லை என்றால் பெரியவர் பேட்டையே ஒட்டுங்கள். சின்ன நெஞ்சில் இரண்டு பேட்டும் ஒன்றோடொன்று தொட்டால், ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலும்.

நல்லா இருக்கறவங்களுக்குத் தப்பா ஷாக் அடிச்சிட்டா?

அடிக்காது. சீரான துடிப்பு இருந்தால் நீங்கள் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கருவி மறுத்துவிடும். துடிப்பே இல்லாமல் கோடு நேராகப் போனாலும் கொடுக்காது. சினிமாவில் நேர்கோட்டுக்கு ஷாக் வைப்பதைப் பார்த்துப் பழகியதால் இந்த சந்தேகம் வருகிறது. 'ஷாக் தேவையில்லை' என்று கருவி சொன்னால் ஆள் பிழைத்துவிட்டார் என்று எழுந்துவிடாதீர்கள். மூச்சு இல்லை என்றால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கருவி மறுபடி பார்க்கும், அப்போது மட்டும் யாரும் தொடக் கூடாது.

பொம்பளப் பிள்ளைன்னா சட்டையக் கழட்டறதுங்களா சார்? நாளைக்கு ஊர் என்ன பேசும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். பெரும்பாலும் கூட்டம் முடிந்து, நான் பொம்மையை மடித்து வைக்கும்போது, ஒரு அம்மா பக்கத்தில் வந்து நிற்பார். அதனால் கூட்டத்தின் நடுவிலேயே நானே இதை எடுத்துவிடுகிறேன்.

இந்தத் தயக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில், பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு பேட் ஒட்டியது குறைவு என்று தெரியவந்தது. வெட்கத்தால் ஒரு பிள்ளை சாகலாமா?

பேட் தோலில்தான் ஒட்ட வேண்டும், துணி மேல் ஒட்டினால் பலன் இல்லை. ஒன்று வலது கழுத்தெலும்புக்குக் கீழே. இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே, விலாப்பக்கம். பெட்டியோடு இருக்கும் கத்தரியால் சுடிதாரை அந்த இரண்டு இடத்துக்கு வேண்டிய அளவு வெட்டினால் போதும். உள்ளாடையை முழுதும் எடுக்க வேண்டியதில்லை, பேட் படும் இடம் தோலாக இருந்தால் சரி. தடையாக இருந்தால் வெட்டிவிடுங்கள், யோசிக்காதீர்கள். செயின் இருந்தால் பேட்டைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். ஒட்டியவுடன் மேலே துப்பட்டாவைப் போர்த்தலாம், கருவிக்கு அது இடைஞ்சல் இல்லை. எங்கள் பள்ளியில் ஒத்திகையின்போது எட்டு மாணவிகள் முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்த்து வட்டமாக நின்று, துப்பட்டாக்களை விரித்துப் பிடிப்பார்கள். திரை கட்ட பதினைந்து நொடி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே யோசித்துச் சொன்ன ஏற்பாடு அது. கூட்டம் சேர்ந்து போன் எடுத்து வீடியோ பிடிப்பதும் அதோடு நின்றுபோகும்.

வேர்வை, மழை?

துண்டால் நெஞ்சைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தேங்கிய தண்ணீரில் கிடந்தால் நகர்த்துங்கள்.

ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா எங்க மேல கேஸ் வருமுங்களா?

ஆசிரியர்கள் எல்லோரும் கேட்பது. சாலை விபத்தில் உதவியவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். பொதுவாக, நினைவில்லாதவரின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றம் ஆகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92-ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30-ஆவது பிரிவு. ஆனாலும் புதிய விதியில், பள்ளியில் இந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவருக்குப் பாதுகாப்பு என்று வெளிப்படையாக ஒரு வரி வர வேண்டும் என்று கேட்கிறோம். பயத்தோடு இருக்கிற ஆசிரியர் கை நீட்டத் தயங்குவார். அந்தத் தயக்கமே ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும்.

யாருக்கெல்லாம் பயிற்சி குடுக்கோணும்?

பி.இ.டி. ஆசிரியர், வார்டன், வாட்ச்மேன், வேன் டிரைவர், ஆயாம்மா. பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எல்லாப் பிள்ளைகளும். பிரின்சிபாலுக்கு மட்டும் கொடுத்தால் அவர் மீட்டிங்குக்குப் போன அன்றைக்குத்தான் ஆள் விழுவார். அரை நாள் போதும், வருடம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் மிக நன்றாக நெஞ்சை அழுத்துகிறவர் ஆயாம்மா ஒருவர்தான். மாவாட்டிப் பழகிய தோள், ஆழமும் தாளமும் தப்புவதே இல்லை.

வாங்கி வெச்ச பெட்டி வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு பச்சை விளக்கோ சரிக்குறியோ காட்டும். மாதம் ஒருமுறை ஒருவர் பார்த்து நோட்டில் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். பேட்டின் பசை காய்ந்துவிடும். இரண்டு முதல் நான்கு வருடத்தில் காலாவதி, தேதி கவரிலேயே இருக்கும். ஒருமுறை ஒட்டியதைத் திரும்ப ஒட்டக் கூடாது. ஏப்ரல், மே விடுமுறையிலும் பார்க்க வேண்டும், ஸ்பெஷல் கிளாஸும் கோச்சிங் கேம்ப்பும் அப்போதுதான் நடக்கும். குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போகும்போது, அங்கே பெட்டி எங்கே இருக்கிறது என்று இறங்கியவுடன் கேளுங்கள்.

முன்கூட்டியே பிள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுத்துட்டா இது வேண்டியதில்லையே?

டெஸ்ட் நல்லதுதான், ஆனால் ஈ.சி.ஜி.யில் எல்லாக் குறையும் தெரியாது. பந்து அடிபடுவதை எந்த டெஸ்டும் முன்கூட்டிச் சொல்லாது. பெற்றோர்கள் இதை மட்டும் கவனியுங்கள்: ஓடும்போது மயங்கி விழுந்தது, விளையாடும்போது நெஞ்சு வலி, காரணமில்லாமல் படபடப்பு, குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று போனது. இதில் ஒன்று இருந்தாலும் இதய டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மைதானத்துக்கு அனுப்ப வேண்டும். 'காலைல சாப்பிடாமப் போனான், அதான் மயக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். என் மடியில் தலை வைத்திருந்த அந்தப் பையன் முந்தைய வருடமும் ஒருமுறை ஓடும்போது மயங்கியிருக்கிறான். அவன் அம்மா பிறகு சொன்னார்.

எம் பொண்ணுக்கு சின்ன வயசுல இதய ஆபரேஷன் ஆயிருக்குதுங்க. சொன்னா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்கன்னு மறைச்சுட்டேன். இப்ப என்ன பண்றது?

சொல்லிவிடுங்கள் அம்மா. ஆபீஸில் சொல்லத் தயக்கமாக இருந்தால் முதலில் பி.இ.டி. ஆசிரியரிடம் சொல்லுங்கள். எவ்வளவு விளையாடலாம் என்று அவளுடைய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பல பிள்ளைகளை நன்றாக விளையாடவே விடுவார்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் இதயம் நின்று விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு அங்கேயே நெஞ்சை அழுத்தி, ஒரு ஷாக் கொடுத்தார்கள். உடம்புக்குள் ஒரு கருவி வைத்துக்கொண்டு அவர் மறு வருடம் பந்து விளையாட வந்துவிட்டார்.

என் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது நான்கு பெயர்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே அவர்கள் டாக்டர், அம்மா, அப்பா நம்பர். அந்த நான்கு பேருக்கு பி.டி. பீரியட் இருக்கிற நாளில், வகுப்பு தொடங்குவதற்கு முன் வராந்தாத் தூண் வரை நடந்து போய் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவேன்.